சலங்கைய உள்ள வைக்காத

ஏப்ரல் 2
முழங்கால் வீக்கம் வத்தல.

ஏப்ரல் 4
மூட்டு ஜவ்வு கிழிஞ்சிருக்காம். ஆறு வாரம் ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பங்குனி சித்திரை வைகாசின்னு ஓடி ஓடி ஆடுனாத்தான் ஐப்பசியில அடுப்பெரியும், இத அவருட்ட எப்படி சொல்றது. புதுக்கோட்டை பக்கம் ஒரு ஊருல வள்ளி திருமணம் நாடகம், ட்ரம் மேல பலகை போட்ட மேடை, சுத்தி இறங்கயில பலகை நகந்து முழங்கால் மட்டும் திரும்பிருச்சு. கோமாளி வேஷம் கட்டுற பபூன் அண்ணன் பாத்துட்டாரு, கூட ரெண்டு பாட்டு பாடி இழுத்தாரு, நான் நின்ன இடத்துலயே கையாலயே ஆடி முடிச்சேன். அதுக்கப்புறம் வள்ளிக்கு தோழியா வேற நின்னேன், விடிஞ்சுதான் உக்காந்தேன்.

ஏப்ரல் 5
அம்மா சலங்கைய பெட்டிக்குள்ள வச்சிட்டாங்க. எடுத்து வெளிய வச்சேன்.

ஏப்ரல் 9
சித்திரை 5 நாடகத்து நோட்டீஸ போன்ல அனுப்பிருக்காங்க. என் போட்டோ இருக்க வேண்டிய எடத்துல வேற பொண்ணு. நல்ல பொண்ணுதான், அதுக்கும் சோறு வேணும்ல. ஆனா தூக்கம் வரல. முருகனா வர்ற ராஜபார்ட் படம் பெருசா இருக்கும், டான்ஸ் படம் ஓரத்துல சின்னதா இருக்கும், அது கூட இல்லன்னா நான் எங்க இருக்கேன்? பத்து மணிக்கு பபூனும் நாங்களும்தான் பாய் விரிச்ச கூட்டத்த புடிச்சு வைக்கிறோம், முருகன் வர பன்னெண்டாகும். ஒத்திகையே கிடையாது. ஆர்மோனியக்காரர் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, மேடையிலதான் மூஞ்சியவே பாக்குறோம், அப்படியே ஆடுறோம். இதுக்கு எவ்வளவு புத்தி வேணும், ஆனா ஊர்ல "ஆடுறவ"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடுறாங்க.

ஏப்ரல் 13
வள்ளி வேஷம் கட்டுற ஸ்திரிபார்ட் அக்கா போன் பண்ணாங்க. வள்ளி பாடம் பண்ணுடி, காலு எத்தன நாளைக்குன்னாங்க. 14 வருஷமா பக்கத்துல நின்னு கேட்டதுல வள்ளியும் நாரதரும் வாதாடுற நாரதர் தர்க்கம் முழுக்க மனப்பாடம். இந்த நாடகத்த எழுதுன சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல போயிட்டாரு, இன்னும் அவர் பாட்டுதான் சோறு போடுது. பாடிப் பாத்தேன், சுதி ஏற மாட்டேங்குது.

ஏப்ரல் 14
வருஷப்பிறப்பு. 2020லயும் இந்த நாள் வீட்லதான் இருந்தேன், அப்ப எல்லாருமே வீட்ல இருந்தாங்க.

ஏப்ரல் 18
இந்நேரம் அங்க டான்ஸ் ஏறிருக்கும்.

ஏப்ரல் 19
சித்திரை 20க்கு வர முடியுமான்னு ஏஜெண்ட் கேட்டாரு. வர்றேன்னுட்டேன். அம்மாட்ட சொல்லல. ராத்திரி கதவ சாத்திட்டு சலங்க கட்டாம நாலு அடி போட்டேன்.

ஏப்ரல் 20
திரும்ப வீங்கிருக்கு. ஐஸ் வச்சிருக்கேன்.