பையிலிருந்து எடுக்காதீர்கள்: இதய அறுவைக்குப் பின் சிறுநீரில் என்ஜிஏஎல் பார்க்கும் முறை

இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து அறுவை செய்த நோயாளியின் சிறுநீரகம் அடிபட்டால், ரத்தத்தில் இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் அதைக் காட்ட ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். இயந்திரத்தில் நிரப்பிய திரவமும் ஐசியூவில் ஏற்றிய திரவமும் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால், முதல் நாள் கிரியாட்டினின் அறுவைக்கு முன் இருந்ததைவிடக் குறைந்து தெரிவதும் உண்டு. சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல் அமைப்பான கேடிஐஜிஓவின் 2012ஆம் ஆண்டு வரையறைப்படி கிரியாட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 மி.கி./டெ.லி. ஏறினால் திடீர்ச் சிறுநீரகக் காயம். அந்த ஏற்றம் தெரியும்போது காயம் பழையதாகியிருக்கும். என்ஜிஏஎல் (NGAL) என்ற புரதம் அப்படியல்ல. அடிபட்ட சிறுநீரகக் குழல்கள் இந்தப் புரதத்தைச் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் கொட்டத் தொடங்குகின்றன. 2005இல் சின்சினாட்டி மருத்துவர்கள் இதய அறுவை செய்த 71 குழந்தைகளிடம் இதை 2 மணி நேரத்திலேயே கண்டார்கள்.

ஆனால் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் லேப் இயந்திரத்தில் அல்ல, கட்டிலின் பக்கத்தில். ஐசியூவிலிருந்து வரும் மாதிரி பையின் அடியிலிருந்து எடுத்ததா, குழாயிலிருந்து எடுத்ததா என்பதுதான் லேபில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. பையில் இருப்பது ஆறேழு மணி நேரச் சிறுநீரின் கலவை. அதில் அறுவைக்குப் பின் 2 மணி நேரம், 6 மணி நேரம் என்ற கணக்குக்கே பொருளில்லை. அறை வெப்பத்தில் கிருமி வளர்ந்து, வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் என்ஜிஏஎல்லும் கலந்துவிடும். கத்தீட்டரின் (சிறுநீர்க் குழாயின்) மாதிரி எடுக்கும் முனைக்குக் கீழே குழாயை 10 முதல் 15 நிமிடம் கிளாம்ப் போட்டு, முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சிரிஞ்சால் 10 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாக எடுங்கள். எடுத்த கையோடு கிளாம்பைத் திறந்துவிட வேண்டும். மறந்தால், அந்த மணி நேரச் சிறுநீர் அளவு பொய்யாகக் குறைந்து பதிவாகும். லேபிளில் மாதிரி எடுத்த நேரமும், இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து நோயாளியை விடுவித்த நேரமும் இரண்டும் வேண்டும். அறுவைக்கு முந்தைய மாதிரி ஒன்றும் கட்டாயம். நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பவருக்கு என்ஜிஏஎல் முதலிலேயே ஏறியிருக்கக்கூடும்.

லேபுக்கு வந்ததும் முதலில் டிப்ஸ்டிக், அதாவது சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை. வெள்ளணு நேர்மறை என்றால் அதைக் குறித்துக்கொள்கிறோம். சிறுநீர்த் தொற்றில் வரும் என்ஜிஏஎல்லில் பெரும்பகுதி நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவிலிருந்து வரும் இரட்டை மூலக்கூறு. குழல்களிலிருந்து வருவது முக்கியமாக 25 கிலோடால்டன் ஒற்றை மூலக்கூறு. சாதாரணக் கிட்டுகள் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

பிறகு மாதிரியை இரண்டாகப் பிரிக்கிறோம். 10 மி.லி.யை மெதுவான வேகத்தில், 400 ஜி (புவியீர்ப்பின் 400 மடங்கு) அளவில், 5 நிமிடம் சுழற்றி, மேல் நீரை வடித்து, மிச்சமிருக்கும் அரை மி.லி.யில் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஒரு பங்கு. சேற்றுப் பழுப்பு நிறக் குறுணைக் காஸ்டுகள் (குழலுக்குள் உறைந்த அச்சுகள்) தெரிந்தால் குழல் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கிட் வாங்க வசதியில்லாத இடங்களில் இந்தப் பழைய முறையைக் கைவிடாதீர்கள். காசு செலவில்லாத உயிர்க்குறிகாட்டி இது. மற்ற பங்கு என்ஜிஏஎல்லுக்கு. அதை 1000 முதல் 2000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, தெளிந்த மேல் நீரை மட்டும் அரை மி.லி. குழாய்களில் பிரிக்கிறோம். அன்றே ஓட்டவில்லை என்றால் மைனஸ் 80 டிகிரி. மைனஸ் 20-இல் மாதக்கணக்கில் வைத்தால் அளவு விழுந்துவிடும். ஒரு குழாயை ஒரு முறைதான் உருக்குவது. உருகியபின் நன்றாகக் கலக்கி மறுபடி சுழற்ற வேண்டும், குளிரில் படிந்த உப்பு பிப்பெட்டை அடைக்கும்.

எலைசாவில், அதாவது எதிர்ப்புரதம் பூசிய கிணறுகள் கொண்ட தட்டில் அளக்கும் முறையில், ஒரு தட்டு ஓட மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அது ஆய்வுக்குச் சரி, கட்டிலருகே முடிவெடுக்க உதவாது. அவசரத்துக்குத் தானியங்கி வேதியியல் இயந்திரத்தில் ஓடும், கலங்கலை அளக்கும் டர்பிடிமெட்ரி முறைதான். எலைசா செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. ரீஏஜென்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே ஊற்றினால் தட்டின் ஓரக் கிணறுகள் வேறு எண் காட்டும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். ஒரே மாதிரியின் இரண்டு கிணறுகளுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் மாறுபாடு இருந்தால் திரும்ப ஓட்டுங்கள். தெரிந்த அளவுகளைக் கொண்டு வரைந்த ஒப்பீட்டு வரைகோட்டின் உச்சியைத் தாண்டிய எண்ணை நீட்டிக் கணக்கிடாமல், மாதிரியை 10 மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். அளவு மிக அதிகமானால் சில கிட்டுகளில் எண் கீழே இறங்கி இயல்பாகத் தெரியும். இதில் ஏமாறுவது ஆபத்து. நீர்க்கச் செய்த மடங்கால் பெருக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

என்ஜிஏஎல் அளவைச் சிறுநீர்க் கிரியாட்டினினால் வகுப்பதா வேண்டாமா என்பதில் சண்டை ஓயவில்லை. என்ஜிஏஎல் 90 நானோகிராம் (நா.கி.)/மி.லி., சிறுநீர்க் கிரியாட்டினின் 30 மி.கி./டெ.லி. என்றால், மி.கி. கிரியாட்டினினுக்கு 300 நா.கி. அதே 90, கிரியாட்டினின் 150 என்றால் வெறும் 60. நீர்த்த சிறுநீருக்கு வகுப்பது நியாயம். ஆனால் வடிகட்டும் திறன் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் கிரியாட்டினின் வெளியேற்றமே குறைவதால் விகிதம் ஊதிப்போகும். நாங்கள் இரண்டையும் தருகிறோம்.

எண்ணைப் படிப்பதில் அவசரம் கூடாது. 50 நா.கி./மி.லி.க்குக் கீழே என்றால் காயம் இருக்க வாய்ப்பு குறைவு, 150-க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்ளலாம். கிட்டுக்குக் கிட்டு இது மாறும். இடையில் வந்தால் 4 முதல் 6 மணி நேரம் கழித்து இன்னொரு மாதிரி. ஒற்றை எண்ணைவிட ஏறுமுகம் அதிகம் சொல்லும். செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) இருந்தால் சிறுநீரகம் அடிபடாமலேயே எண் ஏறும்.

ஏறினால் என்ன செய்வது? ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் 276 இதய அறுவை நோயாளிகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 என்ற வேறு இரு குறிகாட்டிகளைப் பயன்படுத்தியது. அவற்றின் பெருக்கல் அளவு 0.3-ஐத் தாண்டியவர்களில் ஒரு பாதிக்கு ரத்த ஓட்டத்தையும் திரவத்தையும் அளந்து சரிசெய்தார்கள், ஏசிஇ தடுப்பான்கள் என்ற ரத்த அழுத்த மருந்துகளை 48 மணி நேரம் நிறுத்தினார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்த்தார்கள். காயம் 71.7 சதவீதத்திலிருந்து 55.1 சதவீதமாகக் குறைந்தது. டயாலிசிஸ் தேவையிலும் இறப்பிலும் வித்தியாசம் வரவில்லை. அதையும் மறைக்காமல் நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும்.

காயம் ஏற்கெனவே உறுதியாகி, முற்றுமா என்று தெரிய வேண்டுமானால் சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு கொடுத்துப் பார்க்கும் சோதனை கைகொடுக்கும். உடலில் திரவம் போதுமானதா என்று உறுதிசெய்த பின், கிலோவுக்கு 1 மி.கி. நரம்பில் போடுவது, முந்தைய வாரத்தில் அந்த மருந்து வாங்கியவருக்கு 1.5 மி.கி. இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி.க்குக் குறைவாகவே சிறுநீர் வந்தால் காயம் மிகக் கடுமையான மூன்றாம் நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். என்ஜிஏஎல் மாதிரியை அந்த ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு வருவது தண்ணீர் கலந்தது போன்ற சிறுநீர். 150 இருந்த இடத்தில் 50 தெரியும்.