விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம்

சென்ற டிசம்பரில் ஒரு காலை, ஜெர்மனியில் எங்கள் வீட்டில் இட்லிப் பானையை இறக்கிவைத்துவிட்டு, ஆவி போகட்டுமென்று சமையலறை ஜன்னலைச் சாய்வாகத் திறந்துவைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அழைப்புமணி ஒலித்தது. எழுபதைக் கடந்த பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று, வணக்கம் சொன்ன கையோடு, "ஊருக்கெல்லாம் சேர்த்தா நீங்கள் கணப்பு மூட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டில், ஜன்னல் திறந்திருப்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மூடியிருந்தால்தான் உடம்புக்கு என்னவென்று விசாரிக்க ஆள் வரும்.

கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாவதற்கு வெகுகாலம் முன்பு, தருமபுரி மாவட்ட முகவரியோடு கட்டப்பட்ட வீடு அது. அதன் ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது. வேப்பம்பலகையில் இரண்டு கதவுகள், ஐந்து இரும்புக் கம்பிகள், ஒரு கொக்கி, அவ்வளவுதான். ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொண்டால் காகிதத்தை மடித்துச் செருகுவதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கம்பிக்குக் கறுப்புப் பெயின்ட் பூசுவதும்தான் பராமரிப்பு. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளின் வாசனையும், எதிர்வீட்டு அத்தையின் கீரைக் கடைசலும் அந்தக் கம்பிகளின் வழியாகவே உள்ளே வந்தன.

ஜெர்மனியில், உல்ம் நகருக்கு வடக்கே சுவாபிய மலைப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓடும் அலுமினியப் பட்டையில் 1978 என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. இந்நாட்டில் வெப்பம் காக்கும் பூச்சுள்ள கண்ணாடி 1995-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிறகே பரவலாயிற்று என்பதால், அந்த ஆண்டைப் பார்த்தவுடனேயே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் எரிசக்தி ஆலோசகர். உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபட்டால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதுதான் இங்கே ஜன்னலின் ஜாதகம். பழைய கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 3. அரசு தரும் 15 சதவீத மானியம் வேண்டுமானால், ஜன்னல் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து 0.95-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே மூன்று கண்ணாடிகள், இடையில் ஆர்கான் வாயு, கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பூச்சு என்று முடிவாயிற்று. தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சூரிய வெப்பத்தைக் கூடுதலாக உள்ளே விடும் கண்ணாடியை அவர் பரிந்துரைத்தபோது, வெயிலை வீட்டுக்குள் அழைக்கக் காசு கொடுப்பார்களா என்று நான் கேட்டுவிட்டேன். சித்திரை வெயிலுக்குப் பகலெல்லாம் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து வளர்ந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

பொருத்திய நாளன்று ஆலோசகர் ஒரு லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடியருகே பிடித்தார். ஆறு சுடர்கள் வரிசையாகத் தெரிந்தன. பூச்சு இருக்கும் இடங்களில் இரண்டு சுடர்களின் நிறம் மட்டும் மாறியிருந்தது. சொன்ன சரக்கைத்தான் தந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சியாம். எனக்குக் கார்த்திகை அகல் வரிசை நினைவுக்கு வந்தது.

என் மனத்தாங்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டே மாதங்களில் படுக்கையறை அலமாரியின் பின்புறச் சுவர் மூலையில் கரும்பூஞ்சை படர்ந்துவிட்டது. பழைய ஜன்னல்தான் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடமாக இருந்ததால், காற்றிலிருந்த ஈரமெல்லாம் கண்ணாடியில் நீராக வழிந்தது; நானும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெதுவெதுப்பானதும் அந்த ஈரம் அடுத்த குளிர்ந்த இடத்தை, அதாவது வெளிச்சுவரின் மூலையைத் தேடிப் போய்விட்டது. சட்ட இடுக்குகளில் கசிந்துகொண்டிருந்த காற்றும் இப்போது இல்லை. நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளுக்குச் சுமார் 10 லிட்டர் நீராவி சேரும் என்கிறார்கள். இட்லியும் கேழ்வரகுக் களியும் அந்தக் கணக்கில் உண்டா என்று தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜன்னல்களை மாற்றினால் காற்றோட்டத்துக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்று இந்நாட்டின் தரவிதியே சொல்கிறது. பொருத்திய நிறுவனத்தார் பணம் பெற்றுக்கொண்டு போகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இத்தனை ஆயிரம் யூரோ கொடுத்து வாங்கியது காற்று புகாத வீட்டை. அதற்குள் காற்றை விடுவதற்கு மட்டும் இன்றுவரை நான்தான் கூலியில்லா வேலையாள்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது என்றே சொல்லிக்கொள்கிறேன். சாய்த்துத் திறப்பதில்லை, அப்படித் திறந்தால் காற்று அரைகுறையாக மாறுவதற்குள் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்துவிடும். நாளுக்கு மூன்று நான்கு முறை, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறேன். ஆண்டுக்கொருமுறை ரப்பர் பட்டைகளைச் சோப்பு நீரால் துடைத்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டு, சட்டத்தின் அடியிலுள்ள நீர்த்துளைகளில் அடைத்திருக்கும் தூசியைக் குச்சியால் எடுக்கிறேன். கதவுக்கிடையே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுக்கும்போது அது எளிதாக வந்துவிட்டால், பூட்டுக் குமிழைச் சாவியால் சற்றே திருகி இறுக்க வேண்டும். ஊரில் அதே மடித்த காகிதம்தான் ஜன்னலையே தாங்கிப் பிடித்திருந்தது; அப்பா அதற்குப் பெரும்பாலும் பழைய நாட்காட்டித் தாளைத்தான் கிழிப்பார், அதுவும் தேய்பிறைத் தேதிகளாகப் பார்த்து.

டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அன்று முன்ஜன்னலையும் கொல்லைப்பக்கக் கதவையும் திறந்துவைத்து, கடிகாரத்தில் ஐந்து நிமிடம் குறித்துவிட்டு, விளக்கேற்றத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் அழைத்தார். அங்கே இரவு ஒன்பது மணி. எதிர்க்காற்று, ஈரம், பூஞ்சை என்று நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி கண்ணு, விளக்கு வைக்கிற நேரத்துல கொல்லைக் கதவை எதுக்குத் திறந்து போட்டிருக்கே? முதல்ல அதைச் சாத்து" என்றார்.

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் மீதியிருந்தது. எழுந்து போய்ச் சாத்தினேன்.