இல்மிட்ஸ்: பூஞ்சை பிடித்த திராட்சையைத் தேடி ஒரு பயணம்

ஆஸ்திரியா என்றதும் பனிமலைகளை எதிர்பார்த்து வருபவரைப் புர்கன்லாந்து மாநிலம் ஏமாற்றிவிடும். வியன்னாவிலிருந்து ரயிலில் நொய்சீடல் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் ஹங்கேரி எல்லையை ஒட்டியுள்ள இல்மிட்ஸ் கிராமத்தை அடையும்வரை கண்ணுக்குத் தட்டுப்படுவது சமவெளிதான். ஊருக்கு மேற்கே நாணல் சூழ்ந்த நொய்சீட்லர் ஏரி. பரப்பில் பெரியதாயினும் ஆழம் இரண்டு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. கிழக்கே சிறுசிறு உப்புக் குட்டைகள். அலோய்ஸ் கிராஹர் என்னும் ஒயின் தயாரிப்பாளரின் இனிப்பு ஒயின்களை உலகம் தேடி வாங்குவதற்கு இந்த ஆழமற்ற தண்ணீர்தான் முதற்காரணம்.

இலையுதிர்காலக் காலைகளில் ஏரியிலிருந்தும் குட்டைகளிலிருந்தும் எழும் மூடுபனி கொடிகளின் மீது படிய, அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கிறது. நண்பகல் வெயில் அந்தத் துளைகளின் வழியே நீரை வற்றச் செய்ய, பழத்துக்குள் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. அக்டோபர் இறுதியில் நான் பார்த்த ஒரு குலையில் பாதிப் பழங்கள் பொன்னிறமாகவும், மீதி ஊதாப் பழுப்பில் சுருங்கிச் சாம்பல் பூத்தும் இருந்தன. சந்தையில் யாரும் கையால் தொடமாட்டார்கள். அனுமதி பெற்று ஒன்றை வாயிலிட்டேன். பாகுபோல் நாக்கில் ஒட்டியது, உடனே சுரீரென்று புளித்தது. இவ்வாறு சுருங்கிய பழங்களை மட்டும் கையால் தேர்ந்து பறித்துச் செய்யும் ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேஸே வகைக்கு, சாற்றின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சர்க்கரை இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரியச் சட்டம்.

அந்நாட்டு ஒயின் சட்டம் கடுமையானதற்குப் பின்னால் ஓர் அவமானம் உண்டு. டை எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைக் கலந்து, மட்டமான ஒயினை உயர்தர இனிப்பு ஒயின்போலச் சிலர் விற்றுவந்தது 1985-இல் அம்பலமாகி, ஏற்றுமதி சரிந்தது. வேதியியல் பயின்று மருந்துத் துறையில் பணியாற்றிய கிராஹர், அந்த இருண்ட காலத்தில்தான் தந்தையின் தோட்டத்து ஒயினை வெளிநாடுகளுக்கு எடுத்துச் சென்றார். இனிப்பு ஒயினுக்குப் பேர்போன பிரான்சின் சொத்தேர்ன் பகுதி முறைகளைக் கற்று, புதிய ஓக் பீப்பாய்களில் முதிரவைத்த வரிசைக்கு ‘நூவெல் வாக்’ என்றும், புது மரத்தின் மணமேறாமல் பழத்தின் சுவையை முன்னிறுத்திய வரிசைக்கு ‘ஸ்விஷன் டென் ஸேயன்’ என்றும் பெயரிட்டார். 2007-இல் 48 வயதிலேயே அவர் காலமான பின், மகன் கெர்ஹார்ட் பொறுப்பேற்று நடத்திவருகிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது புட்டிகளுக்கு எண்ணிடும் வழக்கம். ஓர் ஆண்டின் விளைச்சலையெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடாமல், வெல்ஷ்ரீஸ்லிங், ஷொய்ரேபெ, ஷார்டனே எனத் திராட்சை வகைவாரியாக வெவ்வேறாகப் புட்டியிலடைத்து, செறிவு கூடக் கூட எண்ணும் கூடுமாறு வரிசைப்படுத்துகிறார்கள். சில ஆண்டுகளில் எண் பத்தைத் தாண்டியதும் உண்டு. கலப்படத்தால் பெயர் கெட்ட ஒரு தொழிலில், எதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு வெளிப்படையாகப் பிரித்துக் காட்டியதே அலோய்ஸ் கிராஹரின் பெரிய சாதனை என்பது என் கருத்து.

பெரிய எண்தான் சிறந்த ஒயின் என்று விலைப்பட்டியலைப் பார்த்து முடிவுகட்ட வேண்டியதில்லை. நான் சுவைத்தவற்றில் உயர்ந்த எண் கொண்டது கோப்பையில் எண்ணெய்போல வழிந்தது; இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. நடு எண் கொண்ட வெல்ஷ்ரீஸ்லிங்கிலோ உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் மணங்களோடு புளிப்பும் எழுந்து தித்திப்பைத் தாங்கிப் பிடித்தது. புட்டிகள் பெரும்பாலும் 375 மில்லிலிட்டர் அளவுதான். நால்வருக்கு அதுவே போதும். கேக்கோடு பரிமாறினால் இரு தித்திப்பும் மோதி ஒயின் சப்பென்றாகிவிடும். உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டியோடு, நன்றாகக் குளிரவைத்து அருந்துவதே பொருத்தம்.