கனசதுரத்தின் நடு

மார்ச் 3

சூடான நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவைத் திறந்த மாணவி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். செல்களை வளர்ப்பதற்காக நாலு நாளாகப் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரில் அச்சடித்த 12 கனசதுரங்கள், ஆறிய மெழுகுபோலத் தட்டோடு தட்டாகப் படிந்து கிடந்தன. அந்தப் பாலிமர் 60 டிகிரியிலேயே உருகிவிடும். ஆட்டோக்ளேவோ 121.

"யோசிக்காம வச்சுட்டேன் மேடம்."

பிஎச்டி முதல் வருஷத்தில் நானும் இதையேதான் செய்தேன். "விடும்மா, திரும்ப அடிச்சுக்கலாம்" என்றேன். இந்த முறை 70 சதவீத ஆல்கஹாலும் புறஊதா விளக்கும் போதும்.

மார்ச் 8

எலும்பு மஜ்ஜைச் செல்களை விதைத்தாயிற்று. இந்தக் கனசதுரத்தை ஸ்கஃபோல்டு என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம்தான். செல்கள் ஏறி நின்று திசுவைக் கட்டும்வரை தாங்க வேண்டும், அப்புறம் மெல்லக் கரைந்துபோக வேண்டும். பக்கம் 1 செ.மீ., துளை சுமார் 300 மைக்ரான், அதாவது 0.3 மி.மீ. முன்னதாகச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டோம். இல்லையென்றால் தண்ணீர் ஒட்டாது, செல்களுக்கு உணவான மீடியம் என்ற திரவத்தின் மேல் தக்கைபோல மிதக்கும். ஆறு சும்மா தட்டில். ஆறு பயோரியாக்டரில், அங்கே பம்ப் மீடியத்தைத் துளைகள் வழியே ஓட்டிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 11

காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் திக்கென்றது. ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய மீடியம் மஞ்சளாகியிருந்தது. கிருமி புகுந்துவிட்டதா? வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கலங்கல் இல்லை. செல்கள் நன்றாகத் தின்று லாக்டிக் அமிலத்தை விட்டிருக்கின்றன, அவ்வளவுதான். பசியோடு இருக்கிற பிள்ளைகள். மீடியத்தை மாற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 16

இன்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "எலி முதுகுல காது 1997லயே வந்துடுச்சே, கல்லீரல் ஏன் மேடம் இன்னும் வரலை?"

நல்ல கேள்வி. எலியின் முதுகில் மனிதக் காது வடிவத்தில் வளர்த்துக் காட்டினார்களே, அந்தக் காதில் இருந்தது கன்றுக்குட்டியின் குருத்தெலும்புச் செல். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளிவிடும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஆய்வகத்தில் வளர்த்த ஆப்ளிகிராஃப் தோலா? மெல்லிசு. 2006இல் அமெரிக்க மருத்துவர் அட்டாலாவின் குழு அறிவித்த, ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீர்ப்பையா? அதுவும் மெல்லிய சுவர் கொண்ட பைதான். ஜெயித்தவை எல்லாம் நடு என்று ஒன்று இல்லாதவை. ரத்த நுண்குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தாண்டினால் பெரும்பாலான செல்களுக்கு மூச்சு முட்டும். கல்லீரல் முழுக்க முழுக்க நடு.

லாங்கர், வகாண்டி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் திசுப் பொறியியல் என்ற இந்தத் துறையை அறிமுகப்படுத்தி 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதியது 1993இல். அதைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன். பத்து வருஷத்தில் உறுப்புகளை அச்சடித்துத் தள்ளிவிடுவோம் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். அதற்குப்பின் என் வேலை வாழ்வில் பாதிக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் நடுவிலேயே போய்விட்டது. மானிய விண்ணப்பத்தில் மட்டும் இதை இப்படி எழுத முடியாது!

மார்ச் 22

பயோரியாக்டரின் ஒரு அறைக்குப் போகும் குழாயில் காற்றுக்குமிழி. ராத்திரி முழுக்க மீடியம் போகவில்லை. ஒரு கனசதுரம் போச்சு. பயோரியாக்டரில் மிச்சம் ஐந்து.

மார்ச் 29

21ஆம் நாள். தட்டில் இருந்ததைப் பிளேடால் குறுக்கே வெட்டி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்தோம். உயிருள்ளவை பச்சை, செத்தவை சிவப்பு. ஓரத்தில் பச்சைத் தோல் ஒன்று. உள்ளே போகப்போகச் சிவப்புப் புள்ளிகள். நடுவில் வெறும் பாலிமர் இழைகள். இருபது வருஷமாக நான் பார்க்கிற அதே படம்.

அடுத்து பம்ப் ஓடிய கனசதுரம். நடுவுக்கு நகர்த்தினேன். பச்சை. திட்டுத்திட்டாக, சில துளைகளில் மட்டும், ஆனாலும் பச்சை. மாணவி என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். வெட்டிய மூன்றிலும் இதே கதை.

மார்ச் 30

"மேடம், உடம்புக்குள்ள பம்ப் இருக்காதே?"

இருக்காது. புது நுண்குழாய்கள் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. நடுவுக்கு வழி 5 மி.மீ. அதுவரை நடுவில் இருக்கிற செல்கள் தாங்குமா? பயோரியாக்டரில் இன்னும் இரண்டு கனசதுரங்கள் இருக்கின்றன. இரவு 9:10க்குப் பம்ப்பை நிறுத்தினோம். மூன்று வாரமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்த டக்டக் நின்றதும் அறையில் ஃபிரிட்ஜ் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.