ஜன்னலுக்கு வெளியே ஒரு புகைப்படம்: உள்ளறை ரெண்டர் செய்முறைத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது, தேறியாயிற்று. அந்த நிம்மதி இருக்கும்போதே அடுத்த பருவத்துக்காரர்களுக்கு எழுதிவிடுகிறேன். அறையை மாடலிங் செய்வது, சோபாவுக்குத் துணி, தரைக்குப் பளபளப்பு எல்லாம் வகுப்பிலேயே கைக்கு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொல்லித் தருகிற அந்த ஒரு புகைப்படத்தில்தான் நன்றாகச் செய்கிறவர்களுக்கும் மதிப்பெண் போகிறது. தட்டையான ஒரு பலகையில் படத்தை ஏற்றி வெளியே நிறுத்துவது இரண்டு நிமிட வேலை. அது வெளியுலகமாகத் தெரிகிறதா, சுவரொட்டியாகத் தெரிகிறதா என்பதை முடிவுசெய்யும் விஷயங்கள் சிலவே. கீழே உள்ளதெல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், காட்சியைப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) அதன் சைக்கிள்ஸ் பகுதியை வைத்துச் சொல்வது. மற்ற மென்பொருளில் பொத்தானின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

முதலில் தொடுவானம். மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டாலும் இதை விடாதீர்கள்.

கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், பலகையிலுள்ள படத்தின் தொடுவானக் கோடும் அதே தரையிலிருந்து சரியாக 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பலகை 5 மீட்டர் தள்ளி நின்றாலும் 50 மீட்டர் தள்ளி நின்றாலும் இந்த விதி ஒன்றுதான். பலகை அருகில் இருக்கும்போது அரை மீட்டர் பிசகினாலே வெளியே உள்ள தெரு மிதக்கும், அல்லது பள்ளத்தில் கிடக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

வானமும் மலையும் சந்திக்கும் இடம் தொடுவானம் அல்ல. மலை அதற்கு மேலே எழும்பி நிற்கிறது. மரங்களின் உச்சியும் அல்ல. படத்தில் ஒன்றுக்கொன்று இணையாகப் போகிற கிடைக்கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சாலையின் இரு ஓரம், ஒரே கட்டடத்தின் மேல்விளிம்பும் ஜன்னல் வரிசையும். அவற்றை நீட்டினால் ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியின் உயரமே தொடுவானம். சமதரையில் ஆட்கள் நிற்கும் படமென்றால் இன்னும் எளிது. தொடுவானம் எல்லோருடைய கண் மட்டத்திலும் ஓடினால், படம் எடுத்தவரும் நின்றபடி கண்ணுயரத்தில் எடுத்திருக்கிறார் என்று பொருள்.

இனி, இந்தத் தாளுக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டிய உத்தி. பலகையை எடிட் மோடில் (வடிவத்தைத் திருத்தும் நிலையில்) முழுவதும் தேர்ந்தெடுத்து, படத்தின் தொடுவானக் கோடு பொருளின் ஒரிஜின் புள்ளியில் (அதன் இடமும் அளவும் கணக்கிடப்படும் புள்ளியில்) வரும்வரை மேலோ கீழோ நகர்த்துங்கள். ஆப்ஜெக்ட் மோடுக்குத் திரும்பி, பலகையின் இசட் (உயர) மதிப்பாகக் கேமராவின் இசட் மதிப்பையே கொடுங்கள். இதற்குப் பிறகு பலகையை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் தொடுவானம் அசையாது, ஏனென்றால் அளவு மாறுவது ஒரிஜினை மையமாக வைத்துத்தான். கேமரா உயரத்தை அடிக்கடி மாற்றுகிற பழக்கம் இருந்தால், பலகைக்குக் காப்பி லொகேஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரு பொருளின் இடத்தை இன்னொன்று பின்பற்றவைக்கும் கட்டுப்பாடு) போட்டு, இசட் அச்சை மட்டும் வைத்துக்கொண்டு கேமராவைக் குறிவையுங்கள். தேர்வுக் கூடத்தில் கடைசி நேரத்தில் கேமராவை மாற்றச் சொன்னாலும் பதற்றம் இருக்காது.

கணக்காகவே செய்ய விரும்புகிறவர்களுக்கு: பலகை உயரம் 6 மீட்டர், படத்தின் அடியிலிருந்து 40 சதவீதத்தில் தொடுவானம், கேமரா 1.5 மீட்டரில். தொடுவானம் பலகையின் அடியிலிருந்து 2.4 மீட்டரில் வரும். ஆகவே பலகையின் அடி −0.9 மீட்டரில், நடு 2.1 மீட்டரில் இருக்க வேண்டும். பலகையின் அடிப்பகுதி தரைக்குக் கீழே போகிறதே என்று மேலே தூக்காதீர்கள். அங்கே போவதுதான் சரி.

மாடி அறை என்றால் இன்னொரு சிக்கல். தரையில் நின்று எடுத்த படத்தை நான்காம் மாடி ஜன்னலுக்கு வைத்து, தொடுவானத்தையும் சரியாகப் பொருத்தினால், அறை தரைத்தளத்துக்கு இறங்கிவிடும். படத்துக்குள் சாலை கண்ணுக்குக் கீழே ஒன்றரை மீட்டரில்தான் இருக்கிறது, அதை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது. இரண்டு மூன்று படங்கள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். வேறு படம் இல்லையென்றால் ஜன்னல் திட்டை உயர்த்தியோ பால்கனிக் கைப்பிடியை வைத்தோ கீழ்ப்பகுதியை மறைத்துவிடலாம்.

பலகையின் அகலத்துக்கு ஒரே வாய்பாடு: கேமராவிலிருந்து பலகைக்குள்ள தூரம் × 36 ÷ ஃபோக்கல் நீளம். 36 என்பது ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் மில்லிமீட்டரில். பிளெண்டர் கேமராவின் இயல்பு அளவும் அதுவே. ஃபோக்கல் நீளம் என்பது இங்கே படத்தை எடுத்த லென்ஸுடையது, உங்கள் ரெண்டர் கேமராவுடையது அல்ல. 24 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தை 10 மீட்டர் தூரத்தில் வைத்தால் பலகை அகலம் 15 மீட்டர். 20 மீட்டரில் 30 மீட்டர். கைபேசிப் படமென்றால் அதன் எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்போடு பதிவாகும் கேமரா விவரத்தில்) உள்ள 35 மி.மீ. சமான எண்ணைப் போடுங்கள், விடை ஏறக்குறையச் சரியாக வரும். ஜன்னல் வழியே படத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரிகிறது என்று பலகையைச் சுருக்கினால், வெளியே உள்ள வீடும் காரும் பொம்மை அளவுக்குப் போய்விடும்.

கேமராவைச் சாய்க்காதீர்கள். எக்ஸ் சுழற்சி 90 டிகிரியிலேயே இருக்கட்டும். கூரை அதிகமாகத் தெரிந்தால் லென்ஸ் பகுதியிலுள்ள ஷிஃப்ட் ஒய் மதிப்பை (சாய்க்காமலே சட்டகத்தை மேலோ கீழோ நகர்த்துவதை) மாற்றுங்கள். சுவரின் செங்குத்துக் கோடுகளும் படத்திலுள்ள கட்டடக் கோடுகளும் அப்போதுதான் ஒத்துப்போகும்.

அடுத்தது ஒளி. பலகைக்கு எமிஷன் ஷேடர் (தானே ஒளிரும் மேற்பரப்பு அமைப்பு) மட்டும் போதும். விளக்கொளியை வாங்கிக்கொள்ளும் வழக்கமான பிரின்சிபிள்ட் ஷேடரைக் கொடுத்தால் உங்கள் சூரிய விளக்கு படத்தின் மேல் விழும். ஏற்கெனவே வெயிலும் நிழலும் உள்ள படத்தில் இன்னொரு வெயில் ஏறும். பிறகு ஆப்ஜெக்ட் பண்புகளில் ரே விசிபிலிட்டிக்குப் போங்கள். எந்த வகைக் கதிருக்குப் பலகை தெரிய வேண்டும் என்ற பட்டியல் அது:

– கேமரா: இருக்கட்டும்.
– ஷேடோ: எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பலகை சூரியனை மறைத்து அறை இருண்டுபோகும்.
– டிஃப்யூஸ்: எடுத்துவிடுங்கள். புல்வெளிப் படம் சுவரெல்லாம் பச்சை பூசுவது இதனால்தான்.
– கிளாஸி: இருக்கட்டும். தரையில் ஜன்னல் பிரதிபலிக்கும்போது படமும் தெரிய வேண்டும்.
– டிரான்ஸ்மிஷன் (கண்ணாடியைத் தாண்டிப் போகும் கதிர்): கட்டாயம் இருக்கட்டும்.

கடைசி வரியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கேமராவுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், ஜன்னலில் கண்ணாடி போட்டதும் படம் காணாமல் போய் வெறும் பின்னணி நிறம் தெரியும். கிளாஸ் ஷேடரைத் தாண்டிய கதிரை சைக்கிள்ஸ் கேமராக் கதிராகக் கணக்கில் எடுப்பதில்லை, டிரான்ஸ்மிஷன் கதிராகவே எடுக்கிறது. கதிரின் வகையைச் சொல்லும் லைட் பாத் நோடில் ‘இஸ் கேமரா ரே’ வைத்துச் செய்கிறவர்களுக்கும் இதே கதி. டிரான்ஸ்பேரன்ட் ஷேடரைத் தாண்டினால் மட்டும் அது கேமராக் கதிராகவே தொடரும்.

நிறம் மங்குவது பற்றி. பிளெண்டர் 4.0 முதல் இயல்பு வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ரெண்டரின் ஒளி அளவுகளைத் திரை நிறமாக மாற்றும் அமைப்பு) ஏஜிஎக்ஸ். அதற்கு முன், 2.80 முதல், ஃபிலிமிக். இரண்டுமே உயர் ஒளியை அமுக்குகிறவை. புகைப்படம் திரைக்கென்று ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது, அதன் மேல் இன்னொரு முறை அமுக்கினால் வெள்ளை வானம் சாம்பலாகும். அப்படி அமுக்காத ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் படம் அசலாக வரும், ஆனால் அறைக்குள் வெயில் விழும் இடமெல்லாம் வெந்துபோகும். எமிஷன் ஸ்ட்ரெங்த்தை 2 முதல் 4 வரை ஏற்றி, படத்துக்கும் எமிஷனுக்கும் நடுவில் ஆர்ஜிபி கர்வ்ஸ் வைத்துச் சற்று கான்ட்ராஸ்ட் கூட்டுங்கள். பகலில் உள்ளே நின்று பார்த்தால் வெளி எப்போதும் அதிக வெளிச்சமாகத்தானே இருக்கும், ஆகவே கொஞ்சம் கூடினாலும் இயல்பாகவே படும்.

சூரிய விளக்கின் கோணத்தைப் படத்திலிருந்தே எடுங்கள். கம்பத்தின் நிழல் கம்பத்தின் உயர அளவே இருந்தால் 45 டிகிரி, உயரத்தைப்போல் 1.7 மடங்கு நீண்டிருந்தால் 30 டிகிரி. நிழல் விழும் திசையும் அறைக்குள் விழும் வெயிலின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்னால் மரம் வைக்கச் சொன்னால், பின்னணி நீக்கிய பிஎன்ஜி படங்களைத் தனித்தனிப் பலகைகளாக வெவ்வேறு தூரத்தில் நிறுத்துங்கள். இதில் வரும் கோளாறுகள்:

– இலைகள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் கருப்புத் திட்டு: லைட் பாத்ஸில் டிரான்ஸ்பேரன்ட் பவுன்ஸ் (கதிர் தாண்டக்கூடிய ஒளிபுகும் பரப்புகளின் எண்ணிக்கை) இயல்பாக 8. அதை 24 அல்லது 32 ஆக்குங்கள்.
– பலகையின் மேல்விளிம்பில் மெல்லிய கோடு: அடிமரத்தின் நிறம் சுற்றி வந்து ஒட்டுகிறது. இமேஜ் டெக்ஸ்சரில் ரிபீட்டைக் கிளிப் ஆக்குங்கள்.
– இலை ஓரத்தில் வெள்ளை வளையம்: வெட்டியபோது பழைய வானம் ஒட்டிக்கொண்டது. கலர் ராம்ப்பில் ஆல்பாவின் (படத்தின் ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் அளவின்) கீழ்முனையைச் சற்று உள்ளே தள்ளுங்கள்.
– படத்திலுள்ள கடைப் பெயர்ப்பலகையின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால்: பலகையின் முதுகைப் பார்க்கிறீர்கள். 180 டிகிரி திருப்புங்கள்.

படத்தின் தெளிவுக்காக மிகப்பெரிய கோப்பைத் தேட வேண்டாம். 1920 பிக்சல் ரெண்டரில் ஜன்னல் மூன்றில் ஒரு பங்கு அகலம் என்றால் கண்ணில் படுவது 640 பிக்சல். அந்தத் துண்டில் படத்துக்கு 1000 பிக்சல் இருந்தாலே தாராளம்.

3 மணி நேரத்தில் இந்தப் பலகைக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் பத்து நிமிடம் தொடுவானத்துக்கே போகட்டும். ஒப்படைக்கும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா, பேக் ரிசோர்சஸ் (வெளிப் படங்களைக் கோப்புக்குள்ளேயே சேர்ப்பது), பிறகு சேவ். இந்த வரிசை மாறக் கூடாது. பேக் செய்யாத கோப்பைத் தேர்வாளர் தன் கணினியில் திறந்தால் ஜன்னல் முழுக்க இளஞ்சிவப்பு மட்டுமே இருக்கும். ரெண்டர் செய்த பிஎன்ஜியையும் கூடவே வையுங்கள்.