எந்த முப்பத்திநாலு?

திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் லேப்பில் சேர்ந்த முதல் நாள், ராப் ரீல் (நூலை அளந்து சுற்றும் சக்கரம்) சுற்றும் அக்கா ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னார்: 64.8.

ரீலின் சுற்றளவு ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம், அது ஒரு லீ. அதைக் கழற்றித் தராசில் வைத்தால் எடை கிராமில் வரும். 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுன்ட், அதாவது நூல் எவ்வளவு நைஸ் என்று சொல்லும் எண். 1.62 கிராம் இருந்தால் நாற்பதாம் நம்பர். நீளம் கஜத்தில், எடை கிராமில்! இரண்டுக்கும் பாலம் அந்த 64.8.

ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை இருக்கிறதோ, அதுதான் இங்கிலீஷ் கவுன்ட். இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வந்தபோது இந்தக் கணக்கும் கூடவே வந்துவிட்டது. அப்புறம் 1956-இல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது, 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் மீட்டரும். மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் வீசை போய்விட்டது. எங்கள் அப்பத்தா மட்டும் கடைசிவரை 'அரை வீசை புளி' என்றுதான் கேட்டார். மில்களும் அப்பத்தா மாதிரிதான். பருத்தி விலையை இன்றும் கண்டிக் கணக்கில் பேசுகிறோம். கண்டி என்பது 784 பவுண்டு, இப்போது 356 கிலோ என்று எழுதிக்கொள்கிறோம். நூலின் முறுக்கை அங்குலத்துக்கு இத்தனை என்றுதான் எண்ணுகிறோம்.

உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சொல்வது டெக்ஸ்: 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம். சுலபமான கணக்கு, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் எண் கூடினால் நூல் தடிமன், எங்களுக்கோ எண் கூடினால் நைஸ். முப்பது வருஷம் ரிங் பிரேம் என்ற நூற்கும் இயந்திரம் ஓட்டியவரிடம் இதைத் தலைகீழாக நினைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இது போதாதென்று மெட்ரிக் கவுன்ட் என்று இன்னொன்று உண்டு. ஒரு கிராமில் எத்தனை மீட்டர் என்ற கணக்கு. ஒருமுறை வெளிநாட்டு ஆர்டர் ஒன்று 34 என்று வந்தது. திருப்பூர் பனியன்காரர்களுக்கு நாங்கள் வழக்கமாக ஓட்டும் கவுன்ட்தானே என்று நினைத்துவிட்டோம், யாரும் மேலே யோசிக்கவில்லை. லீக்கு லீ 1.90, 1.91 கிராம். சுத்தமான முப்பத்திநாலு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நூல் சுற்றிய கோன்கள் தயாரான பிறகு அவர்கள் அனுப்பிய மாதிரி நூல் என் மேஜைக்கு வந்தது. ரீலில் சுற்றித் தராசில் வைத்தேன். 3.23. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து எடைக்கல் வைத்துச் சரிபார்த்தேன். தராசில் குறையில்லை. அவர்கள் கேட்டது மெட்ரிக் 34, நம் கணக்கில் அது இருபதாம் நம்பர். ஆர்டர் தாளில் எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'மெட்ரிக்' என்று இருந்தது. அந்தத் தாளின் நகல் ஒன்று என் டிராயரிலும் கிடந்தது.

பதிவேட்டில் என் கணக்கு ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த நூல் திருப்பூருக்கே போனது, விலை குறைத்துத்தான். அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போகும்வரை புது ஆர்டர் வந்தால் ரீலைத் தொடுமுன் என்னைப் பார்த்து, "எந்த முப்பத்திநாலு சார்?" என்று கேட்பார். கவுன்ட் அறுபதாக இருந்தாலும் அதே கேள்விதான்.