ஸ்கின்னா நெயிலா? ரெண்டு எக்ஸாமும் எழுதுனதுல தெரிஞ்சது

ஸ்கின் கேர் படிக்கட்டுமா நெயில் படிக்கட்டுமான்னு போன மாசத்துல மட்டும் நாலு தங்கச்சிங்க கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறத விட மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு. நான் பொறந்தது பொள்ளாச்சி பக்கம், வாக்கப்பட்டது கேரளா பக்கம் கொழிஞ்சாம்பாறை. கல்யாணத்துக்கு அப்புறம் தான் பாலக்காட்டுக்கு தினம் பஸ் ஏறிப் போய் முதல்ல பியூட்டி தெரபி, அதாவது ஸ்கின் கோர்ஸ் முடிச்சேன், அடுத்த வருஷம் நெயில் முடிச்சேன், இப்ப வீட்டு முன்ரூம்லயே பார்லர் வெச்சிருக்கேன்.

ஃபோன்ல பளபளன்னு வர்ற நகத்தப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்கம்மா. நகம்ங்கறது உக்காந்த அன்னைக்கே ரிசல்ட் தெரிஞ்சிடும், கஸ்டமர் சந்தோஷமா ஃபோட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க. தோல் அப்படி இல்ல, மேல்தோல் புதுசா மாறி வரவே சுமாரா 28 நாள் ஆகும், வயசு ஏற ஏற இன்னும் கூட ஆகும், ஆனா வர்றவங்க நாளன்னைக்கு நிச்சயதார்த்தம் அதுக்குள்ள கரும்புள்ளி போகணும்னு கேப்பாங்க, அவங்ககிட்ட பொய் சொல்லாம, மனசும் நோகாம பேசி உக்கார வெக்கணும், ஸ்கின் வேலைல பாதி இந்தப் பேச்சு தான். உங்களுக்கு அது வருமான்னு முதல்ல பாருங்க.

இத நான் புரிஞ்சுக்கிட்டதே ஒரு மொழிக் கொழப்பத்துல. கோர்ஸ் சேந்த புதுசுல எங்க மிஸ் மலையாளத்துல "ஆத்யம் சோதிக்கணும், பின்னே தொட்டா மதி"ன்னு திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. நான் நம்ம தமிழ் அர்த்தத்துல டெஸ்ட் பண்ணனும் போலன்னு நெனச்சு, யாரு வந்து உக்காந்தாலும் கன்னத்த இழுத்துப் பாக்கறது, லென்ஸ் வெச்சு பாக்கறதுன்னு இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு பக்கத்துல இருந்த சேச்சி தான் சொன்னாங்க, மலையாளத்துல சோதிக்கறதுன்னா கேக்கறது. முதல்ல கேளு, அப்புறம் தொடுன்னு மிஸ் சொல்லிருக்காங்க.

அந்த ஒரு வார்த்தை தான் ப்ராக்டிகல் அன்னைக்கு என்னக் காப்பாத்துச்சு. என் மாடல் வரல, கடைசி நிமிஷத்துல வேற ஒரு அக்காவ குடுத்தாங்க. டவல் கட்டி, கையக் கழுவிட்டு, என்னக்கா க்ரீம் போடறீங்கன்னு கேட்டேன். கடைல பில் இல்லாம வாங்குன வெள்ளையாகற ட்யூப், ரெண்டு வருஷமா போடறாங்களாம். கிட்டப் போய் பாத்தா கன்னத்து தோல் காகிதம் மாதிரி மெலிசா இருக்கு, சிவப்பா நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரியுது, தாடைல பொடிப்பொடியா முடி. ஸ்டீராய்டு க்ரீம ரொம்ப நாள் போட்டா வர்ற அடையாளம் இதெல்லாம். எக்ஸாமினர் வந்தப்ப, ஸ்க்ரப்பும் ஸ்டீமும் இவங்களுக்கு பண்ண மாட்டேன், க்ளென்ஸ் பண்ணி மாய்ஸ்ச்சரைசர் போட்டு ஸ்கின் டாக்டர்கிட்ட அனுப்புவேன்னு சொன்னேன், கை நடுங்குச்சு, பண்ணாம விட்டா மார்க் போயிடுமோன்னு. ஏன்னு கேட்டாரு, சொன்னேன், வைவா (வாயால கேள்வி கேக்கறது) முழுக்க அதுலயே போச்சு, பாஸ்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. அந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள 2018லயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்துட்டாங்க, இன்னும் விக்கறாங்க. 2023ல மலப்புறத்துல பாதரசம் கலந்த வெள்ளையாகற க்ரீம் போட்டவங்களுக்கு கிட்னி கெட்டுப்போன செய்தி வந்துச்சு, கேரளா ட்ரக்ஸ் கன்ட்ரோல்காரங்க ஆபரேஷன் சௌந்தர்யான்னு கடை கடையா ரெய்டு போனாங்க. அதனால ஸ்கின் படிக்கறவங்க வேண்டாம்னு சொல்லக் கத்துக்கணும், கஸ்டமர் கோவிச்சுட்டு பக்கத்து பார்லருக்கு போனாலும் சரி.

தியரிக்கு ஒரு வழி சொல்றேன். எங்களுக்கு பாடம் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் தான், நான் எல்லா பேரையும் தமிழ் எழுத்துலயே எழுதி வெச்சேன். மேல்தோல் அஞ்சு அடுக்க கீழ இருந்து மேல, பேசேல், ஸ்பைனோசம், க்ரானுலோசம், லூசிடம், கார்னியம்னு சமைக்கும்போது சொல்லிட்டே இருப்பேன். லூசிடம் உள்ளங்கை உள்ளங்கால்ல தான் இருக்கும், அத கண்டிப்பா கேப்பாங்க. நெயில்ல மேட்ரிக்ஸ நல்லா படிங்க, நகம் பொறக்கற எடம் அது தான், அடில வெள்ளப் பிறையா தெரியறது அதோட நுனி, அங்க அடிபட்டா நகம் கோணலா வளரும். கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதுல பாதி.

நெயில் கோர்ஸ்ல எனக்கு வருத்தம் தான் அதிகம். நான் சேந்த எடத்துல (பேரு வேண்டாம்) முக்கால்வாசி நாள் டிசைன் தான் சொல்லிக் குடுத்தாங்க, நகத்துல பூசி லேம்ப்ல இறுக வெக்கற ஜெல்லு ஏன் சுடும்னு யாரும் சொல்லல. ப்ராக்டிஸ்ல கூடப் படிச்ச பொண்ணுக்கு நகத்த அதிகமா ராவிட்டேன், மேல ஜெல்ல கெட்டியா வெச்சு லேம்ப்ல கைய வெக்கச் சொன்னேன், அடுத்த செகண்டு அம்மான்னு கைய உருவிட்டா, கண்ணுல தண்ணி. ஜெல்லு இறுகும்போது சூடு வரும், நகம் மெலிஞ்சிருந்தா அது நேரா சதைல எறங்கும். மெலிசா ரெண்டு மூணு கோட் போடணும், ராவறது மேல் பளபளப்பு போற அளவுக்கு போதும். அவ சுண்டுவிரல் நகம் பழையபடி ஆக ஆறு மாசம் ஆச்சு, ஒவ்வொரு தடவ பாக்கறப்பவும் எனக்கு மனசு சங்கடமா இருக்கும்.

உங்க ஒடம்பையும் யோசிங்க. நெயிலுக்கு ரெண்டு மணி நேரம் குனிஞ்சே உக்காரணும், ராவுற தூசிக்கு மாஸ்க் கட்டாயம். இறுகாத ஜெல்லு உங்க விரல்ல பட்டுட்டே இருந்தா அலர்ஜி வந்திடும், வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, பின்னாடி பல்லு அடைக்கற மருந்து கூட ஒத்துக்காம போகலாம், ஏன்னா அதுலயும் அதே குடும்பத்து கெமிக்கல் தான். நைட்ரைல் க்ளவுஸ் போடுங்க, அடிக்கடி மாத்துங்க. ஒட்டுன நகம் தூக்கி உள்ள பச்சையா தெரிஞ்சா அது பாக்டீரியா, அதுக்கு மேலயே பாலிஷ் போட்டு மறைக்காதீங்க, கழட்டிட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க.

இனி ஊரு. எங்க பக்கம் தோட்ட வேலைக்கும் மில்லுக்கும் போற பொம்பளைங்க தான் நெறய, அவங்களுக்கு நீள நகம் ஆகாது, ஆனா பித்த வெடிப்புக்கு பெடிக்யூர் கேட்டு வருவாங்க. புதுநகரம் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பொண்ணுங்க நெயில் பாலிஷ் இருந்தா ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவறது) சேராதுன்னு மருதாணியோட நிறுத்திக்குவாங்க, ரிசப்ஷன் அன்னைக்கு மட்டும் ஒட்டற நகம் கேப்பாங்க, ராத்திரியே கழட்டிடலாம். அதனால இங்கயே இருக்கப் போறீங்கன்னா ஸ்கின் முதல்ல படிங்க, நெயில அதுக்கு மேல சேத்துக்கோங்க, இது என் முடிவான கருத்து. கோயமுத்தூரோ கொச்சியோ போறவங்க, அதிகம் பேச்சு வராது ஆனா கை ஆடாதுன்னு இருக்கறவங்க, தாராளமா நெயில்ல ஆரம்பிக்கலாம். அயர்லாந்து மாதிரி நாட்டுக்கு போற ஐடியா இருந்தா ஒன்னு கவனிங்க, லேம்ப்ல ஜெல்லு இறுகறதுக்காக சேக்கற டிபிஓ (TPO)ங்கற பொருள் இருக்கற ஜெல்ல ஐரோப்பிய யூனியன்ல 2025 செப்டம்பர் 1ல இருந்து தடை பண்ணிட்டாங்க, பாட்டில் லேபிள படிக்கற பழக்கத்த இங்கயே வளத்துக்கோங்க.

சேர்றதுன்னா ஆடில சேருங்க. நம்ம ஆடி தான் இங்க கர்க்கிடகம், ரெண்டு பக்கமும் கல்யாணம் இருக்காது, சொல்லிக் குடுக்கறவங்களுக்கும் நேரம் இருக்கும், ஆவணி முகூர்த்தம் தொடங்கறதுக்குள்ள கையில கொஞ்சம் பழக்கம் வந்திடும்.